ஒரே ஊரில் இரண்டு யூத சானடோரியங்கள் எதற்கு?

அம்மாவின் ஆஸ்துமாவுக்காக அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் உள்ள நேஷனல் ஜூயிஷ் மருத்துவமனைக்குப் போனதாகவும், அது ஏழைக் காசநோயாளிகளுக்காக யூதர்கள் தொடங்கிய தர்ம சானடோரியம் என்று அங்கே தெரிந்துகொண்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதே கோல்ஃபாக்ஸ் சாலையில், நகரத்தின் மறுகோடியில், யூதர்களே இன்னொரு இலவச சானடோரியத்தையும் நடத்தினார்கள் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கிறது. ஒரே ஊர், ஒரே சமூகம், ஒரே நோய். எதற்கு இரண்டு என்பது உங்கள் முதல் கேள்வி. அங்கே போனவர்கள் உண்மையிலேயே பிழைத்தார்களா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் அடியில் நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. படுக்கைகள் குறைவாகவும் நோயாளிகள் அதிகமாகவும் இருக்கும்போது படுக்கையை யாருக்குக் கொடுப்பது? பிழைக்கக்கூடியவனுக்கா, சாகப்போகிறவனுக்கா? டென்வரில் இரண்டு சானடோரியங்கள் எழுந்ததற்கு இந்தக் கேள்விதான் காரணம்.

நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் நெஞ்சகநோய் மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நோயைப் பற்றிச் சொல்வதை வார்டில் பார்த்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். டென்வர் வரலாறு படித்துத் தெரிந்துகொண்டது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷ் எனக்குத் தெரியாது. அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் பேசியதும் எழுதியதும் அந்த மொழியில்தான் என்பதால், அவர்களுடைய குரலை மொழிபெயர்ப்பு வழியாக மட்டுமே கேட்டிருக்கிறேன். இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நோய். நம் பாட்டிமார் எலும்புருக்கி என்றும் சயரோகம் என்றும் சொன்ன அதே நோய்தான். அதை உண்டாக்கும் கிருமியை ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். கிருமி தெரிந்துவிட்டதே தவிர, அதைக் கொல்லும் மருந்து கிடைக்க இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த அறுபது ஆண்டுகள்தான் சானடோரியங்களின் காலம். மருந்தே கொடுக்காமல் விட்டால் இந்த நோய் என்ன செய்யும் என்பதும் ஓரளவு தெரியும். சளியில் கிருமி தெரியும் அளவுக்கு நோய் முற்றியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துவிடுவார்கள். நாலில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை தாமாகவே தேறிவிடுவார்கள். மிச்சம் பேர் இருமிக்கொண்டே, பிறருக்கும் கொடுத்துக்கொண்டே, இழுத்துக்கொண்டு கிடப்பார்கள். தாமாகத் தேறுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். பின்னால் இது தேவைப்படும்.

டென்வர் ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வறண்ட காற்று, ஆண்டு முழுவதும் வெயில். மலைக்காற்று நுரையீரலை ஆற்றும் என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. ரயில்பாதை வந்ததும் அமெரிக்காவின் கிழக்கிலிருந்து நோயாளிகள் வந்து குவிந்தார்கள். கொலராடோ மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு இந்த நோயால் வந்தவர்கள் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அது அந்தக் காலத்தவரின் மதிப்பீடு; யாரும் தலையெண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் ஊர் நிரம்பி வழிந்தது என்பதில் சந்தேகமில்லை. பணக்காரர்கள் விடுதிகளில் தங்கினார்கள். மற்றவர்கள் கையிலிருந்த கடைசிக் காசில் டிக்கெட் வாங்கி வந்து இறங்கினார்கள். வாடகை வீட்டுக்காரர்கள் இருமல் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்தினார்கள். தெருவில் இரத்தம் கக்கி விழுந்தவனைத் தூக்கிப்போக ஓர் இடம் இல்லை.

அவர்களைத் தூக்கியவர்களில் ஒருவர் பிரான்சஸ் ஜேக்கப்ஸ். கென்டக்கியில் பிறந்து சின்சினாட்டியில் வளர்ந்த யூதப் பெண்மணி. டென்வரில் கிறிஸ்தவப் போதகர்களோடு சேர்ந்து 1887-இல் ஒரு கூட்டு அறக்கட்டளையை அமைத்தவர். இன்று அமெரிக்கா முழுவதும் தெரிந்த யுனைடெட் வே அமைப்பு அதிலிருந்துதான் தன் வரலாற்றைத் தொடங்குகிறது. காசநோய் ஏழைகளுக்கு மருத்துவமனை வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார். ஊர்ப் பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 'உலகத்தின் சானடோரியம்' என்று தம் ஊரை விளம்பரப்படுத்திய அதே ஊர், சாகவரும் ஏழைகளைக் கண்ணில் காட்டிக்கொள்ள விரும்பவில்லை. கடைசியில் யூத சமூகம் அவர் பேச்சுக்குக் காது கொடுத்தது. 1892 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். அடுத்த மாதமே ஜேக்கப்ஸ் நிமோனியாவில் இறந்துபோனார், வயது 49. கொலராடோ சட்டமன்றக் கட்டடத்தின் குவிமாடத்தில் மாநிலத்தை உருவாக்கியவர்கள் பதினாறு பேரின் உருவங்களை வண்ணக் கண்ணாடியில் தீட்டியிருக்கிறார்கள். அதில் அவர் ஒருவர்தான் பெண். டென்வரில் இருக்கும் நீங்கள் ஒரு விடுமுறை நாளில் போய்ப் பார்க்கலாம்.

மருத்துவமனை கட்டி முடிந்தபோது 1893 வந்துவிட்டது. வெள்ளி விலை சரிந்து, வெள்ளிச் சுரங்கங்களை நம்பியிருந்த கொலராடோ ஒரே கோடையில் நொடித்தது. வங்கிகள் வரிசையாக மூடின. நன்கொடை தருவதாகச் சொன்னவர்களிடம் பணம் இல்லை. கட்டி முடித்த மருத்துவமனை ஒரு நோயாளியைக்கூடச் சேர்க்காமல் ஆறு ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. அந்த ஆறு ஆண்டுகளிலும் நோயாளிகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். பூட்டிய கதவை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அதைத் திறக்க வைத்தவர் எமானுவேல் என்ற யூத ஆலயத்தின் ரப்பி, அதாவது மதகுரு, வில்லியம் ஃப்ரீட்மன். ஓர் ஊரால் தாங்க முடியாத சுமையை நாடு தழுவிய சுமையாக்க வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். நாடெங்கும் கிளைகள் கொண்ட பினாய் பிரித் என்ற யூத சகோதர சங்கம் பொறுப்பேற்றது. 1899 டிசம்பர் 10 அன்று 'காசநோயாளர்க்கான தேசிய யூத மருத்துவமனை' என்ற பெயரில் அறுபது படுக்கைகளோடு கதவு திறந்தது. 'பணம் கட்டக்கூடியவர் உள்ளே வர முடியாது. உள்ளே வந்தவர் பணம் கட்ட முடியாது' என்பது அதன் விதி. பெயரில் 'யூத' என்று இருக்கிறதே, யூதர்களுக்கு மட்டும்தானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. பணம் யூதர்களுடையது, படுக்கை எல்லோருக்கும். முதல் நோயாளியே மின்னசோட்டாவிலிருந்து வந்த ஒரு சுவீடியப் பெண்தான் என்று மருத்துவமனையின் வரலாறு சொல்கிறது.

ஆனால் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. நோய் ஆரம்ப நிலையில் இருப்பவரை மட்டுமே சேர்ப்பார்கள். ஆறு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஃப்ரீட்மனையும் அவருடைய சகாக்களையும் கல்நெஞ்சக்காரர்கள் என்று இதை வைத்து எழுதுகிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். அறுபது படுக்கைகளில் முற்றிய நோயாளிகள் அறுபது பேரைப் படுக்க வைத்தால், அந்தப் படுக்கைகள் மாதக்கணக்கில் நகராது. அதே நேரம், இப்போது சேர்த்தால் தேறக்கூடிய ஒரு பையன் வெளியே காத்திருந்து முற்றிய நோயாளியாகிவிடுவான். ஒரு மருத்துவக் கண்காணிப்பாளரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அந்த விதி நியாயமானது.

வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரி. நேஷனல் ஜூயிஷை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஜெர்மன் வழிவந்த, வசதியான, பழைய சமய விதிகளைத் தளர்த்திக்கொண்ட சீர்திருத்த மார்க்கத்து யூதர்கள். அங்கே வந்து நின்றவர்களோ ரஷ்யப் பேரரசிலிருந்து தப்பி வந்த ஏழைகள். நியூயார்க்கிலும் சிகாகோவிலும் இருட்டு அறைகளில் தையல் வேலை செய்தவர்கள். தையல்காரர் நோய் என்றே இதற்கு ஒரு பெயர் இருந்தது. ஒரு தையல்காரன் எப்போது மருத்துவரிடம் போவான்? இருமும்போதும் போகமாட்டான், இளைக்கும்போதும் போகமாட்டான். தைத்துக்கொண்டிருக்கும் துணியில் இரத்தம் சொட்டிய பிறகு போவான். அப்போது ஆரம்ப நிலை எப்போதோ கடந்திருக்கும். ஆக, ஆரம்ப நிலை என்ற நிபந்தனை காகிதத்தில் மருத்துவ விதியாக இருந்தாலும், நடைமுறையில் மிக ஏழையானவனை வடிகட்டியது. உள்ளே இடம் கிடைத்தாலும் சிக்கல் தீரவில்லை. ஆரம்ப ஆண்டுகளில் அங்கே கோஷர் உணவு, அதாவது யூத சமய விதிப்படி சமைத்த உணவு, கிடையாது. சாவு நெருங்கும் நேரத்தில், பரம்பரையாகத் தொடாத உணவைத் தின்றால்தான் உயிர் தங்கும் என்று சொன்னால் ஒரு கிராமத்து யூதனின் மனம் என்ன பாடுபடும் என்பதை, நோன்பும் விரதமும் தெரிந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை.

1904-இல் டென்வரின் மேற்குப் பகுதியில் வசித்த கிழக்கு ஐரோப்பிய யூதத் தொழிலாளர்கள் சிலர் ஒன்றுகூடினார்கள். அவர்களில் பலர் தாங்களே காசநோயாளிகள். 'யூதக் காசநோயாளர் நிவாரணச் சங்கம்' என்ற பெயரில் ஒரு சங்கத்தை அமைத்தார்கள். ஜே.சி.ஆர்.எஸ். என்று ஆவணங்களில் காண்பது இதைத்தான். எந்த நிலையில் இருந்தாலும் சேர்ப்போம், ஒரு காசும் வாங்க மாட்டோம், சமையலறை கோஷர் என்று அறிவித்தார்கள். 'ஓர் உயிரைக் காத்தவன் உலகம் முழுவதையும் காத்தவன் ஆவான்' என்ற பழைய யூத மறைவாக்கு அவர்களுடைய முத்திரை வாசகம். சங்கத்தின் தலைவர் பிலிப் ஹில்கோவிட்ஸ் என்ற நோய்க்குறியியல் மருத்துவர். செயலாளர் டாக்டர் சார்லஸ் ஸ்பிவாக்.

ஸ்பிவாக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1861-இல் இன்றைய உக்ரைனில் பிறந்தவர். மாணவப் பருவத்திலேயே புரட்சி இயக்கத்தில் ஈடுபட்டு, 1882-இல் ரஷ்யாவை விட்டு ஓடிவந்தார். அமெரிக்காவில் கூலி வேலை, பண்ணை வேலை. 1890-இல் பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம். மனைவிக்குக் காசநோய் கண்டதால் 1896-இல் டென்வருக்குக் குடிபெயர்ந்தார். நோயாளியின் குடும்பத்துக்காரராகத்தான் அந்த ஊருக்கு வந்தார் என்பதை நினைவில் வையுங்கள். அவருடைய சானடோரியம் ஏன் வேறு மாதிரி இருந்தது என்பது அப்போது புரியும். அவர் சமயச் சடங்குகளில் பிடிப்பு உள்ளவர் இல்லை, சோஷலிஸ்ட். ஆனாலும் சமையலறை கோஷராகவே இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். நோயாளிக்கு அது தேவை என்றால் மருத்துவரின் நம்பிக்கை குறுக்கே வரக்கூடாது. என் தொழிலில் இதைச் சொல்வது எளிது, செய்தவர்கள் குறைவு.

1904 செப்டம்பரில் கூடாரங்களோடு தொடங்கினார்கள். மரச்சட்டம், மரத்தரை, சுற்றிலும் கித்தான். கட்டடம் கட்டப் பணமில்லை என்பது ஒரு காரணம். காற்றோட்டம்தான் மருந்து என்ற அந்தக் கால மருத்துவத்துக்குக் கூடாரமே பொருத்தம் என்பது இன்னொன்று. ஒரு சானடோரியத்தின் பகல் எப்படி இருந்தது என்று கேட்டால், பெரும்பாலும் படுத்துக் கிடப்பதுதான். திறந்த தாழ்வாரத்தில் கட்டில்கள் வரிசையாக இருக்கும். பனிக்காலத்திலும் அங்கேதான் தூக்கம். கம்பளிகளுக்கு நடுவில் மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே தெரியும். பால், முட்டை, மறுபடியும் பால். காலையும் மாலையும் உடல் வெப்பம் பார்த்து எழுதுவார்கள். எடை கூடினால் அன்றைக்கு முகம் மலரும். ஒவ்வொருவர் பக்கத்திலும் மூடிபோட்ட ஓர் உமிழ்கிண்ணம். அந்தக் கிண்ணத்துக்கு வெளியே துப்பக்கூடாது என்பது மிகக் கண்டிப்பான விதி. காற்றைவிட, வெயிலைவிட, அந்தக் கிண்ணத்தின் மேல்தான் எனக்கு அதிக மதிப்பு. அது படுத்திருந்தவரைக் காப்பாற்றியதோ இல்லையோ, ஊரில் விட்டுவந்த அவர் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கும்.

கூடாரங்கள் வளர்ந்து சிறிய ஊராயின. நூறு ஏக்கருக்கு மேல் நிலம், பால்பண்ணை, தோட்டம், அச்சகம், ஜெப ஆலயம், நூலகம். தபால் நிலையத்துக்குப் பெயரே 'ஸ்பிவாக், கொலராடோ'. பத்திரிகை ஒன்றும் நடத்தினார்கள். இத்திஷ் இலக்கியத்தின் பெரிய பெயர்கள் இந்த இடத்தோடு ஒட்டிக்கிடக்கின்றன. விவிலியத்தை இத்திஷில் பெயர்த்த கவிஞர் யெஹோவாஷ், காசநோயோடு டென்வரில் பல ஆண்டுகள் வாழ்ந்து, இந்தச் சங்கத்துக்காக நிதி திரட்டினார். அவரும் ஸ்பிவாக்கும் சேர்ந்து, இத்திஷில் வழங்கும் எபிரேயச் சொற்களுக்கு ஓர் அகராதி தொகுத்து 1911-இல் வெளியிட்டார்கள். சானடோரியச் செயலாளரும் நோயாளிக் கவிஞரும் அகராதி தொகுக்க உட்கார்ந்த காட்சியை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. எச். லெய்விக் என்ற கவிஞர் 1930-களில் அங்கே நோயாளியாகவே இருந்து எழுதினார்.

ஃப்ரீட்மன் இந்தப் புதிய சங்கத்தை வெளிப்படையாக எதிர்த்தார். முற்றிய நோயாளிகளை இலவசமாகச் சேர்ப்பதாக அறிவித்தால் நாடெங்கும் உள்ள ஏழை நோயாளிகள் டென்வருக்குக் கிளம்பிவிடுவார்கள், நன்கொடை இரண்டாகப் பிளக்கும், யூதர்கள் மேல் ஊருக்கு வெறுப்பு வரும் என்பது அவர் வாதம். அந்த அச்சம் கற்பனை இல்லை. 1907-இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, காசநோயாளிகளைத் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்ப வழி செய்தது. காசநோயை யூதர் நோய் என்று ஏசுகிறவர்கள் இருந்த காலம் அது. அந்த ஏச்சு புள்ளிவிவரப்படியும் பொய். ஒரே நெரிசலில் வாழ்ந்த மற்ற சமூகங்களைவிட யூதர்கள் இந்த நோயால் குறைவாகவே இறந்தார்கள் என்பதை அந்தக் கால மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். ஏன் குறைவு என்பது மட்டும் தீராத கேள்வி. குடிப்பழக்கம் குறைவு என்றார்கள். நூற்றாண்டுகளாக நகரங்களில் வாழ்ந்து பெற்ற எதிர்ப்புத் திறன் என்றார்கள். யூத விதிப்படி ஆட்டையும் மாட்டையும் அறுப்பவர் நுரையீரலைத் தடவிப்பார்த்து, ஒட்டலும் கட்டியும் இருந்தால் இறைச்சியைத் தள்ளிவிடுவார், அதனால் என்றும் சொன்னார்கள். மூன்றும் கேட்க நன்றாக இருக்கின்றன. ஒன்றும் நிரூபணமாகவில்லை.

பணம் வந்த வழியும் இரண்டு இடத்திலும் வேறு. இந்தப் பக்கம் பெரும் வணிகர்களும் சகோதர சங்கமும். அந்தப் பக்கம் தொழிலாளர்களின் சில்லறை. நம் வீடுகளில் சாமி மாடத்தில் உண்டியல் இருப்பதுபோல் யூத வீடுகளில் புஷ்கே என்ற தகர உண்டியல் இருக்கும். அதில் விழுந்த காசும், தொழிற்சங்கக் கூட்டங்களில் துண்டு ஏந்தி வாங்கிய காசும்தான் ஜே.சி.ஆர்.எஸ்.ஸின் முதல். தலைவரின் தங்கை ஆனா ஹில்கோவிட்ஸ் டென்வர் பொது நூலகத்தில் வேலை பார்த்தவர். 1906 வாக்கில் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஊர் ஊராக ரயிலில் போய் நிதி திரட்டினார். திருமணமாகாத ஓர் இளம்பெண் தனியாகப் பயணம் செய்து அந்நிய ஊர்களில் ஆண்கள் கூட்டத்தில் எழுந்து பேசுவது அப்போது சாதாரண காரியமில்லை. அவரும் ஸ்பிவாக்கும் எழுதிக்கொண்ட கடிதங்கள் டென்வர் பல்கலைக்கழகத்தின் யூத ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

நான் யார் பக்கம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 1980-களில், புதிதாக வேலையில் சேர்ந்திருந்தபோது, ஒரு நெஞ்சகநோய் வார்டில் படுக்கை ஒதுக்கும் வேலை சில மாதங்கள் என் கையில் இருந்தது. மூன்றாவது முறையாக ஒரு கைத்தறி நெசவாளர் வந்தார். எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் குழிகள். முந்தைய இரண்டு முறையும் பாதியில் மருந்தை விட்டவர், மருந்துகள் இனி பிடிக்காது. வெளியே புதிய நோயாளிகள் நின்றார்கள், அவர்கள் கட்டாயம் குணமாவார்கள். நான் கணக்குப் போட்டேன். இரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்து அவரை அனுப்பிவிட்டேன். அவர் சண்டை போடவில்லை. சீட்டை நாலாக மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, இரண்டு அடி வைப்பதும் நின்று மூச்சு வாங்குவதுமாக வெளியே போனார். என் கணக்கு சரி என்றே எந்தப் பாடப்புத்தகமும் சொல்லும். ஃப்ரீட்மனின் கணக்கும் அதேதான். ஆனால் அந்த நெசவாளருக்கு ஒரு ஸ்பிவாக் தேவைப்பட்டார். அந்த ஊரில் அப்படி ஒருவர் இல்லை. டென்வரில் இருந்தார். ஆகவே இரண்டு எதற்கு என்றால், ஒன்று மற்றதன் கதவில் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்காக என்பதே என் பதில்.

இனி, பிழைத்தார்களா என்ற கேள்வி. சானடோரியங்கள் தங்கள் அறிக்கைகளில் 'நோய் அடங்கியவர்', 'தேறியவர்', 'மாற்றமில்லாதவர்' என்று கணக்குக் கொடுத்தார்கள். அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்தில்லாமலே நாலில் ஒருவராவது தேறுவார் என்று முன்னால் சொன்னேன். ஆரம்ப நிலை நோயாளிகளை மட்டும் பொறுக்கிச் சேர்க்கும் இடத்தில் அந்த விகிதம் இன்னும் கூடும். முற்றியவர்களைச் சேர்க்கும் இடத்தில் சாவு கூடும். இரண்டு இடத்திலும் ஒரே பாலும் ஒரே காற்றும் கொடுத்திருந்தாலும் ஒன்று வெற்றியாகவும் மற்றது தோல்வியாகவும் தெரியும். ஸ்பிவாக்கின் இடத்தைச் சாவு வீடு என்று இகழ்ந்தவர்கள் இதைக் கவனிக்கத் தவறினார்கள். ஓய்வும் உணவும் உடலுக்குச் சண்டை போடத் தெம்பு கொடுத்தன என்பது நம்பத் தகுந்தது. பட்டினியில் நோய் வேகமாக முற்றும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். வெயிலால் உடலில் ஊறும் டி வைட்டமின் உதவியிருக்கலாம். மலையின் உயரம் உதவியதா என்பது சந்தேகம். நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்ததால் தொற்று குறைந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். எவ்வளவு குறைந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் வழக்கு இருக்கிறது.

இந்த வழக்கின் பெரும்பகுதியைத் தீர்த்தது நம் சென்னைதான். ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இலும் ஐசோனியாசிட் 1952-இலும் வந்த பிறகு, மருந்து இருக்கும்போது சானடோரியம் தேவையா என்ற கேள்வி எழுந்தது. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், ஏழை நோயாளிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழு சானடோரியத்தில், நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும். மற்றக் குழு தங்கள் நெரிசலான வீட்டிலேயே, அரைகுறைச் சாப்பாட்டோடு. மருந்து இரண்டு குழுவுக்கும் ஒன்றே. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் வைத்துச் சிகிச்சை கொடுத்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவுமில்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் சானடோரியங்களின் கதவை மூட வைத்தது. தாம்பரத்துக்குப் பக்கத்தில் சானடோரியம் என்ற பெயரில் ரயில் நிலையம் இருப்பதை நாம் யோசிக்காமல் கடந்துபோகிறோம். அந்த மாதிரிப் பெயர்கள் உலகெங்கும் பழங்காலப் பெயர்களாக மாறியதில் நம் ஊர் நோயாளிகளுக்குப் பங்கு உண்டு. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருந்து இருக்கும்போது காற்றும் பாலும் அதிகம் கூட்டவில்லை என்பதைத்தான் அந்த ஆய்வு காட்டியது. மருந்தே இல்லாத 1904-இல் அவை பயனற்றவை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஸ்பிவாக் 1927-இல் புற்றுநோயில் இறந்தார். அவர் எழுதிவைத்த உயிலில், தம் உடலைப் பதப்படுத்தி அருகிலுள்ள மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும், யூத மாணவரும் யூதரல்லாத மாணவரும் சம எண்ணிக்கையில் சேர்ந்து அதை அறுத்துப் படிக்க வேண்டும், பிறகு எலும்புக்கூட்டை ஜெருசலேம் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார். அவருடைய சானடோரியம் 1954-இல் புற்றுநோய் ஆய்வு மையமாகப் பெயர் மாறியது. நிலத்தில் ஒரு பகுதி வணிக வளாகமாயிற்று. கட்டடங்களில் பிற்காலத்தில் ஒரு கலைக் கல்லூரி வந்தது.

நேஷனல் ஜூயிஷ் சுவாசநோய்களுக்கான மருத்துவமனையாகத் தொடர்கிறது. உங்கள் அம்மா ஆஸ்துமாவுக்காக அங்கே போனதற்கும் இந்தக் கதைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தாயோ தகப்பனோ சானடோரியத்தில் கிடக்கும்போது பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். அவர்களுக்காக 1907-இல் ஃபேனி லோர்பர் என்பவரும் அவருடைய தோழிகளும் டென்வரில் ஒரு குழந்தைகள் இல்லம் தொடங்கினார்கள். காசநோய் குறைந்த பிறகு அந்த இல்லம் தீராத ஆஸ்துமா உள்ள குழந்தைகளை நாடெங்கிலுமிருந்து எடுத்துக்கொண்டது, ஆய்வுக்கூடம் அமைத்தது. 1978-இல் நேஷனல் ஜூயிஷோடு இணைந்தது. அங்கே இன்று இருக்கும் ஆஸ்துமா நிபுணத்துவத்தின் ஒரு வேர் அந்தப் பிள்ளைகள் தூங்கிய இல்லத்தில் இருக்கிறது.

நேரம் கிடைத்தால் கோல்ஃபாக்ஸ் சாலையில் மேற்கே போங்கள். லேக்வுட் பகுதியில் பழைய சானடோரிய வளாகம் வரும். அதைத் தாண்டி இன்னும் மேற்கே போனால் கோல்டன் ஹில் என்ற யூத இடுகாடு. அதில் மேட்டுப் பகுதி என்று ஒரு தனிப்பிரிவு உண்டு; பணமும் உறவும் இல்லாமல் இறந்த காசநோயாளிகளை அங்கே புதைத்தார்கள். 1995-இல் அதை அமெரிக்க வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். பெரும்பாலும் இளவயதில், வீட்டிலிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால் இறந்தவர்கள். யூதர்கள் கல்லறைக்குப் பூ வைப்பதில்லை. வந்ததற்கு அடையாளமாக ஒரு சிறு கல்லை வைத்துவிட்டுத் திரும்புவார்கள். நீங்களும் வைக்கலாம்.